பத்து தண்ணி, பத்து காலி

அந்த மனுஷனுக்குக் கேள்வி கேட்க வராது. ஏழு வருஷம் ஒரே மாடியில், ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று குடியிருந்திருக்கிறோம். சாப்பிட்டாயா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா, உடம்புக்கு என்ன என்று ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறதே, அதில் ஒன்றைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பார்ப்பார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இமைக்காமல் பார்ப்பார். அப்புறம், "விடு, நான் பாத்துக்கிறேன்" என்பார். அடுத்த தடவை நாம் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பொருள் சரியாகி இருக்கும். அது சரியாக வேண்டும் என்று நாம் நினைத்தோமா இல்லையா என்பதெல்லாம் அவர் யோசனையிலேயே வராது.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் எங்கள் கடைவீடு. கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில். மேலே பலகை அடித்துப் பிரித்த ஐந்து அறைகளில் ஐந்து குடித்தனம். மில் ஓடுகிற நேரத்தில் மாடித் தரை காலுக்கடியில் நடுங்கும், பேச்சு காதில் விழாது, புதிதாக வந்தவர்கள் தும்மிக்கொண்டே இருப்பார்கள். ஐம்பத்தேழில் நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியபோது, பின்பக்கக் கடைசி அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. தஞ்சோங் பகாரில் கப்பல் பழுதுபார்க்கிற பட்டறை ஒன்றில் அவர் ஃபிட்டர். நான் அவரை அண்ணே என்பேன், அந்த அம்மாளை அக்கா என்பேன்.

முதலில் என் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அறைக் கதவின் கீல் கிறீச்சென்று கத்தும். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். நல்ல மனுஷர்தான், கள்ளுக்கடைக்குப் போகாத நாட்களில். போன நாட்களில் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வருவார். அடுப்பு இருந்த மூலையில் நின்றால் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும். அந்தக் கிறீச் சத்தம் வந்ததும் நான் அடுப்பைத் தணித்துவிட்டு, திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அதற்கு வேண்டிய நேரத்தை அந்தக் கதவு எனக்குக் கொடுத்தது. இதை யாரிடமாவது சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாசாருக்குக் காய் வாங்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் அண்ணன் அந்தக் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் கதவு பூனை மாதிரித் திறந்தது. முதுகில் விழுந்த அடியில் நான் அடுப்போடு சாய்ந்து, கொதிக்கிற கஞ்சி இடது காலில் கொட்டியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

விடிந்ததும் நொண்டிக்கொண்டே போய் அவர் வாசலில் நின்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அப்போதே.

"உங்கள யாருண்ணே எண்ணெய் போடச் சொன்னா? அந்தச் சத்தம் எனக்கு வேணும். அது இருந்தாத்தான் ஆள் வர்றது எனக்குத் தெரியும்."

அவர் என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "விடு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்று மாலை கீலைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, துருப்பிடிக்க வைத்து, திரும்பவும் மாட்டினார். முன்னைக்காட்டிலும் பலமாகக் கத்தியது. மாடியே சிரித்தது. சத்தத்தை ரிப்பேர் செய்து கொடுத்த மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் கேட்பார். அவராகத்தான் கேட்கமாட்டார். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வேறு மாதிரி. உயரமான மனுஷி, நிமிர்ந்த நடை. தலைமுடி அவிழ்ந்து நான் பார்த்ததில்லை, குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்திருப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார். நான் வந்த முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "பொம்பள போறதும் வர்றதும் அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாது மா."

அந்த வீட்டில் அது லேசில்லை. கக்கூஸ் கீழே, மில்லுக்குப் பின்னால். இரண்டு படி ஏறினால் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அடியில் வாளி. பின்சந்தில் சின்னக் கதவு ஒன்று இருக்கும், வாளி எடுக்கிற சீனர் அதைத் திறந்து பழைய வாளியை உருவிக்கொண்டு புது வாளியைத் தள்ளுவார். நாம் மேலே உட்கார்ந்திருக்கும்போதே கீழே வெளிச்சம் வந்து, ஒரு கை வாளியை இழுத்த நாட்களும் உண்டு. நான் சிரித்துத் தொலைத்துவிடுவேன். அக்காவுக்கு அப்படி ஒரு தடவை நேர்ந்து, அன்றைக்கு முழுதும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அறுபதில் அக்காவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே இரவில் கை, கால், வாயில் பாதி எல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, இனி இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினேழு படி, ஏணி மாதிரிச் செங்குத்து. முதல் வாரம் அண்ணன் அக்காவைத் தூக்கிக்கொண்டு கீழே போய் வந்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கட்டை மாதிரி விறைத்துக் கிடப்பார். நாங்களெல்லாம் எங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். சாத்துகிற சத்தமும் அக்காவுக்குக் கேட்டிருக்கும். எட்டாம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் அறைக்குள்ளேயே சட்டி. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மாலையில் வந்து ஒரு தடவை அண்ணன்தான் மூடி எடுத்துப் போவார்.

பத்து பதினைந்து நாளில் அந்தச் சட்டிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் நான் தலைமாட்டில் வைக்கிற டம்ளர் மாலையில் அப்படியே நிறைந்திருக்கும். சாப்பாடும் அப்படித்தான். அதற்குக் காரணம் வேறு. வலது கை போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கை ஒன்று, அது கழுவுகிற கை. கழுவுகிற கையாலேயே பிசைந்து வாயில் வை என்றால் எந்தப் பொம்பளைக்குத் தொண்டையில் இறங்கும்? நான் ஊட்டுகிறேன் என்று போனேன்.

"வேணாம் மா. அவர் வந்து குடுப்பாரு" என்றார், பாதி வாயால்.

அவர் வருவது மாலை ஐந்தரைக்கு. ஆறு வாய் வாங்கிக்கொள்வார். ஏழாவதுக்கு உதட்டை மூடிக்கொள்வார். இரண்டு மாதத்தில் அக்காவின் இடுப்பில் சேலை நிற்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி கெட்டுப்போகும், ஆள் பிழைக்காது என்று அண்ணனிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போனார். வேறொரு மனுஷனாக இருந்தால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் குடிக்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருப்பான். இவர் சட்டியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், அக்காவின் இடது கையைப் பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார்.

"விடு, நான் பாத்துக்கிறேன்."

அந்த ஞாயிறு எனக்கு ஒரு இரும்புச் சட்டி வேண்டியிருந்தது என்று சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்கு அவர் கூடப் போனேன். கப்பலிலிருந்து கழற்றிய சாமான்கள் விற்கிற மலாய்க்காரர் ஒருவர் சாக்கு விரித்து மூன்று கக்கூஸ் கோப்பைகளை வைத்திருந்தார். மூன்றிலும் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. கப்பலில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற அறைகளில், போனதைப் பம்படித்துத்தான் மேலே தள்ளி வெளியேற்ற வேண்டுமாம். அண்ணன் அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒன்று பூப்போட்ட பீங்கான், பெரியது, பார்க்க அழகு, ஆனால் பம்புத் தண்டு வளைந்திருந்தது. இன்னொன்று முழுக்கத் துரு. மூன்றாவது சின்னது, குட்டை, விளிம்பில் சில்லுப் பெயர்ந்தது. அதன் பித்தளைப் பம்பின் வாயில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, கடைக்காரரைப் பிடியை இழுக்கச் சொன்னார். விரல் உள்ளே இழுபட்டு, எடுக்க வரவில்லை.

"கப்பல் புஞ்ஞா லா. பாகுஸ்" என்றார் கடைக்காரர். கப்பலோடது, நல்ல சாமான் என்று.

அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இது இழுக்கும்" என்றார். கோப்பையின் உயரத்தை உள்ளங்கையால் அளந்தார். அக்காவின் கட்டில் உயரம் அவர் கைக்குத் தெரியும். அக்காவுக்கு இது பிடிக்குமா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்டிருக்க வேண்டியவர் யார், இவர்தானே. எனக்கும் இரும்புச் சட்டிதான் முக்கியமாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்கார முதலாளி, தவுக்கே என்போம், சுவரை இடிக்க விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில், பால் டின் வாய் அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். சாதாரணக் கக்கூஸ் குழாய் அதில் நுழையாது. அதற்காகத்தான் கப்பல் சாமான். மெல்லிய குழாய் போதும், பம்பு தள்ளிவிடும். பக்கத்துக் காப்பிக்கடைக்கு அப்போதே ஃப்ளஷ் கக்கூஸ் வந்து, பின்சந்துச் சாக்கடைக் குழாயோடு சேர்த்திருந்தது. அண்ணன் தன் அறையிலிருந்து இரண்டு விரல் கனக் குழாயைச் சுவரில் ஏற்றி, உத்திரத்தோடு ஓட்டி, ஓட்டை வழியாக வெளியே எடுத்து, சமையல்கட்டுக் கூரை மேலாகக் கொண்டுபோய் அதில் சேர்த்தார். அனுமதி வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு வாங்குகிற ஆள் அவர் இல்லை.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. பம்புப் பிடி வலது பக்கம் இருந்ததை, அடித்தட்டில் புதிதாகத் துளை போட்டு இடது பக்கத்துக்கு மாற்றினார். கட்டிலிலிருந்து அப்படியே நகர்ந்து உட்காரும்படி கோப்பையைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, வாசலை மறைத்து ஒரு தட்டி. பிடித்துக்கொள்ள உத்திரத்திலிருந்து ஒரு கயிறு. எல்லாவற்றுக்கும் மேலே, உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு செம்புக் குழாய், அதன் நுனியில் பொடிப்பொடி ஓட்டை. இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சின்ன பைப் பிடி. திருகினால் கீழேயிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும். கை போட வேண்டியதே இல்லை.

இதை அவர் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. முதல் நாள் மாலை அக்கா தானே இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கையை அவர் அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் என் அறைக்கு வந்து அழுதேன். என் காலில் கஞ்சி கொட்டியதற்கு அவரை மன்னித்தது அன்றைக்குத்தான்.

சுவரில் கப்பலுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார்: பத்து தண்ணி, பத்து காலி. பம்பில் ஒரு முள் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால், அடிக்கும்போது கோப்பைக்குள் தண்ணீர் வரும். மறுபக்கம் தள்ளினால் தண்ணீர் நின்று கோப்பை காலியாகும். பத்து அடி தண்ணீரோடு, பத்து அடி காலி. ஒன்று குறைந்தாலும் குழாயில் தங்கிவிடும். இரண்டாம் வாரமே அடைத்துக்கொண்டது. செய்தித்தாளை விரித்துப் பம்பைப் பிரித்துப் போட்டு, அடியில் பல் பல்லாக வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினார். ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே வருவதை அரைத்துக் கூழாக்கி அனுப்பும். அப்புறம் அடைக்கவில்லை. ஞாயிறுதோறும் உள்ளே இருக்கிற தோல் வளையத்தை எடுத்து, தேங்காய் எண்ணெயில் தோய்த்துத் திரும்பப் போடுவார்.

ஆனால் அந்தத் தகடு வந்ததிலிருந்து சத்தம் கூடிவிட்டது. கறக், கறக் என்று. குழாயை உத்திரத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த உத்திரமோ ஐந்து அறைக்கும் பொது. அக்கா ஒரு அடி அடித்தால் ஐந்து குடித்தனத்தின் தலைக்கு மேலும் கேட்கும்.

எங்களுக்கு அது கெட்ட சத்தமாகவே படவில்லை, சத்தியமாக. அக்கா சாப்பிடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்று அர்த்தம். நாங்கள் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே எண்ணுவோம். இருபது முடிந்ததும் யாராவது, "ஆச்சு" என்பார்கள். ஐந்து மாதத்தில் அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பம்புச் சத்தம் உனக்குக் கேக்குதா?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே. "கேக்காம என்னக்கா. பத்து தண்ணி, பத்து காலின்னு நாங்களும் கூடச் சேந்து எண்ணுறோம்லா. கீழ ஒரு மில்லு, மேல ஒரு மில்லு. நம்ம வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

அக்கா சிரித்தார். பாதி வாயால்தான் சிரிக்க முடியும், அந்தப் பாதியால் சிரித்தார். நான் பின்னலை முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் காலையில் கேட்கிற சத்தம் நின்றது. மாலையில் கேட்பதும் நின்றது. அக்கா மெதுவாக அடிக்கிறார் போல என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு நாள் கூரையைத் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் எதுவும் காதில் விழவில்லை, ஆனால் உத்திரத்தில் ஒட்டியிருந்த தூசி விட்டு விட்டு உதிர்ந்தது. எண்ணினேன். இருபது தடவை. மில் ஓடும் நேரமாகப் பார்த்து அக்கா வைத்துக்கொள்கிறார். காலை பத்து மணிக்கு மில் தொடங்குகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு கிடக்கிறார், ஞாயிறு முழுதும் தண்ணீரைத் தொடுவதில்லை. பொம்பளை போறதும் வர்றதும் தெரியக்கூடாது என்றவர் அல்லவா. ஆனாலும், மில் வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறதே, எப்படியோ சமாளிக்கிறாரே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் மில்லின் மோட்டார் எரிந்துபோயிற்று. வேறு மோட்டார் வர நாள் ஆகும் என்றார் மில்காரர். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. மாடியில் ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்டது.

முதல் நாள் அக்காவின் டம்ளர் நிறைந்திருந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அண்ணன் மாலையில் வந்ததும் பம்பைப் பார்த்தார். தோல் வளையம் காய்ந்திருந்தது. மனைவி கக்கூஸுக்குப் போகவில்லை என்றால் கக்கூஸில் ஏதோ கோளாறு, அவருக்குத் தெரிந்தது அதுதான். முழுக்கப் பிரித்துப் போட்டார். கழுவி, எண்ணெய் போட்டு, வால்வு மாற்றி, திரும்பவும் பூட்டினார். நான்காம் நாள் அதையே மறுபடி செய்தார். ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதிப் பார்த்தார். ஆமாம், வாய் வைத்துத்தான். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நான் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, நான் அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் கேக்காது. தண்ணி குடிங்க."

"நீ என்ன சொன்னே மா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார், சுவரைப் பார்த்தபடி. டம்ளரை உதட்டில் வைத்தேன். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். இதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். என் கதவைப் பற்றிச் சொன்னேன், இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தார். இதையும் சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பார். எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன் தெரியுமா? "அண்ணே, அக்கா வந்து..." அதற்கு மேல் எந்த வார்த்தையைப் போடுவது? உங்கள் மனைவி போகிற சத்தம் எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் எண்ணுகிறோம் என்று ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் பாதிதான். சொன்னால், இதை அக்காவிடம் யார் சொன்னது என்றும் வரும். பயம் மீதிப் பாதி.

ஆறாம் நாள் கையெல்லாம் எண்ணெயாக வெளியே வந்து என்னைப் பார்த்தார். "மெஷின்ல ஒண்ணுமில்ல" என்றார். அவர் பேச்சில் கேள்வி இருக்காது, அன்றைக்கும் இல்லை. கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெங்காயத்தை உரித்தேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் இருந்தார் அக்கா. புது மோட்டார் வந்து மில் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று காலையில் செய்தி வந்தது.

கருமாதி முடிந்தது. அந்தக் கோப்பையைக் கழற்றி எறிந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் பம்பின் சத்தம் கேட்டது. பத்து, பத்து. அதற்கு மறுநாளும். தோல் காயக்கூடாதாம். யாருக்காக என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்கத் தெரியாதவர் அவர் ஒருவர்தான் என்றா சொன்னேன்? நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலையிலிருந்து அவர் அறையில் தட்டுகிற சத்தமும் அறுக்கிற சத்தமும். குழாயை உத்திரத்தோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே வைத்துத் திரும்பப் பூட்டினார். பம்பைச் சுற்றிச் சாக்கும் கித்தானும் வைத்துத் தைத்தார். பித்தளைத் தகட்டை எடுத்துவிட்டு, கெட்டி ரப்பரில் பல் வெட்டிப் போட்டார். நடுவில் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் என் கதவு கிறீச்சிட்டது. பழக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இல்லை. அண்ணன் நின்றார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஆஸ்பத்திரில ஒரு தடவ வாய் தொறந்தா" என்றார். "'அது ரொம்பச் சத்தம் போடுதுங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. முன்னாடியே சொல்லிருந்தா, ஒரு நாள் வேல."

கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப பத்தும் பத்தும் அடிச்சேன். உனக்குக் கேட்டுச்சா?"

அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. அதற்கப்புறம் மூன்று வருஷம், நாங்கள் குவீன்ஸ்டவுனில் ஃப்ளாட் கிடைத்துப் போகிற வரைக்கும், இன்னொரு கேள்வி அவர் கேட்கவில்லை.

கேட்டது. முன்னைப்போல இல்லை, அமுங்கித்தான், ஆனால் என் தலைக்கு மேலே இருபதும் கேட்டது. நான் எண்ணிக்கூட இருந்தேன்.

"இல்லண்ணே" என்றேன். "ஒண்ணுமே கேக்கல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். தலை வாரிக்கொண்டிருந்த அன்றைக்கு அக்கா கேட்டதும் இதே கேள்விதான். அன்றைக்கு இந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லையே, பாவி.

அவர் தலையை ஆட்டினார். என் கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார், கீல் கத்தியது, திருப்தியாகத் தன் அறைக்குப் போனார். மறுநாள் காலையிலும் அடித்தார். பத்து தண்ணி, பத்து காலி. நான் அடுப்பைப் பார்த்தபடி கடைசி வரைக்கும் எண்ணினேன்.